லாரியின் தாகம்

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி இந்தப் பகுதிக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சமையல் பகுதிக்குப் போக வேண்டிய கடிதம் தவறி இங்கே வந்துவிட்டதோ என்று முதலில் ஐயுற்றேன். ஏனெனில் பக்கத்துக்குப் பக்கம் "கொதிக்கிறது, கொதிக்கிறது" என்றே எழுதியிருந்தது. கொதிப்பது குழம்பு அல்ல, அவருடைய மாமனார் வாங்கிய லாரி. அதற்கு வயது முப்பதுக்கு மேல் ஆகிறது. மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போய் வருகிறது. அந்தக் கிழங்கோடு குடும்பத்தின் சாப்பாடும், இரண்டு குழந்தைகளின் பள்ளிச் சம்பளமும், ஒரு கடனின் மாதத் தவணையும் சேர்ந்தே ஏறிப் போகின்றன என்று அவர் எழுதியிருக்கிறார்.

கொஞ்ச நாளாக, மேட்டில் ஏறினால் உஷ்ணம் காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிடுகிறதாம். பட்டறைக்காரர் என்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும் என்று சொல்லி, கேட்டால் நமக்கே கொதிப்பு வரும்படியான ஒரு தொகையைக் கேட்கிறார். வீட்டுக்காரர் புது ரேடியேட்டர் வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்கிறார். டிரைவரோ, "தினம் அஞ்சு லிட்டர் தண்ணி ஊத்தினாப் போதுங்கம்மா, வண்டி பாட்டுக்கு ஓடும்" என்கிறார். மூவரில் யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் சகோதரியின் கேள்வி.

மூவருடைய பேச்சையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரையில் ஒத்திப்போடலாம் என்பது என் பதில். அந்த ஞாயிற்றுக்கிழமையன்று என்ஜினின் தண்ணீர்ப் பாதையை நன்றாகக் கழுவி, மறுபடியும் ஒழுங்காக நிரப்பிப் பார்க்க வேண்டும். செலவு சொற்பம், உழைப்பு அதிகம். லாரி இல்லாத நேயர்களும் பொறுமையுடன் படிக்கலாம். உங்கள் வீட்டு வெந்நீர்த் தவலைக்குள் கையை விட்டுப் பார்த்தால், இந்தக் கதையில் பாதி அங்கேயே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் என்ஜினுக்குத் தண்ணீர் எதற்கு என்று பார்ப்போம். டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடைத் தொடக் கூடியது. வார்ப்பிரும்பு உருகுவதற்கு 1200 டிகிரியே போதும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் என்ஜின் தன்னைத் தானே உருக்கிக்கொள்ளப் பார்க்கிறது என்று சொன்னால் மிகையாகாது. எரிகிற எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே ஆகாயத்துக்குப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமக்க வேண்டும். சிலிண்டர்களைச் சுற்றிலும் வார்ப்புக்குள்ளேயே அறைகள் உண்டு. பெல்ட்டினால் சுழலும் ஒரு பம்பு தண்ணீரை அந்த அறைகளில் செலுத்துகிறது. அங்கே சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர், முன்னால் இருக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கி, விசிறிக் காற்றில் ஆறி, மறுபடியும் உள்ளே போகிறது.

1908-ஆம் வருஷம் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பம்பே கிடையாது. சுட்ட தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே 1927 வரையில் அவற்றைச் செய்துவந்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு வெப்பச் சலனத்தைக் கற்பிக்கும்போது இதைச் சொன்னால், அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் திரும்பிப் பார்ப்பான். ஆனால் பத்து டன் பாரத்தோடு தொப்பூர் மேட்டில் ஏற வேண்டிய வண்டிக்கு இயற்கை விதி மட்டும் போதாது.

ரேடியேட்டரின் மூடியும் வெறும் மூடி அல்ல. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் சகோதரன் அது. உள்ளே ஓரளவு அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. பழைய வண்டிகளில் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு போன்ற அளவு மூடியின் மேலேயே பொறித்திருக்கும். அவ்வளவு அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 110 டிகிரி வரையில் தாக்குப்பிடிக்கும். இதில் லாபமும் உண்டு, அபாயமும் உண்டு. சூடான வண்டியின் மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் போய்விடுகிறது. அதுவரை தண்ணீராக இருந்ததில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகி, மிச்சத்தையும் தள்ளிக்கொண்டு முகத்தில் அடிக்கிறது. விசில் அடங்காத குக்கரைத் திறக்கத் துணியாத வீடுகளிலும், ரோட்டோரத்தில் லாரி மூடியைத் திறக்கத் துணிகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது வெந்துபோனால், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் புண்ணைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மையும் மாவும் பற்பசையும் அதன் மேல் போகக் கூடாது.

இனி டிரைவரின் அஞ்சு லிட்டருக்கு வருவோம். கணக்கு வாத்தியார் என்ற பாத்தியதையில் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கிறேன். சேலம், நாமக்கல் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிதண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரையில் பொறுத்துக்கொள்ளலாம். நம் கிணற்றில் 500 என்று வைத்துக்கொள்வோம். லாரியின் தண்ணீர்ப் பாதை 20 லிட்டர் கொள்ளுமானால், ஒரு தடவை நிரப்பும்போது உள்ளே போகும் சுண்ணாம்புச் சத்து 10 கிராம்தான். அவ்வளவும் படிந்தாலும் என்ஜின் அதைப் பொருட்படுத்தாது.

ஆனால் தினம் 5 லிட்டர் ஒழுகியோ கொதித்தோ போய், அதே கிணற்றிலிருந்து தினம் 5 லிட்டர் ஊற்றினால்? நாளைக்கு இரண்டரை கிராம். வருஷத்தில் 300 நாள் வண்டி ஓடுமானால் முக்கால் கிலோ! எல்லாமே படியும் என்று சொல்ல முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டுகள்தான் சூட்டில் பிரிந்து கல்லாகப் படிகின்றன, மற்ற உப்புக்கள் பெரும்பாலும் கரைந்தபடியே இருக்கும். பாதி படிந்தால்கூட ஒரு நல்ல செங்கல் துண்டை உள்ளே போட்டதற்குச் சமானம். அது பரவலாகப் படிந்தாலும் பரவாயில்லை. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படிகிறது. என்ஜினின் தலைப்பாகத்தில், வால்வுகளைச் சுற்றியுள்ள குறுகிய சந்துகளில், தண்ணீர் எங்கே மிகவும் அவசியமோ அதே இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் படிவம் உஷ்ணத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள படிவம், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வார்ப்பிரும்புச் சுவருக்கு ஒப்பான தடையை உண்டாக்குகிறது. ஆகவே ஊசி காட்டுகிற உஷ்ணம் தண்ணீரின் உஷ்ணமே தவிர, படிவத்துக்குப் பின்னால் தவிக்கிற இரும்பின் உஷ்ணம் அன்று. இரும்பு அதைவிடச் சூடாக இருக்கும். தலைப்பாகம் வளைவதும் வெடிப்பதும், இடையிலுள்ள காஸ்கெட் எரிவதும் இவ்வாறுதான். பட்டறைக்காரர் சொன்ன தொகை நிஜமாகவே தேவைப்படும் நாள் அப்படித்தான் வரும்.

போதாக்குறைக்குத் துருவும் சேர்கிறது. ஒவ்வொரு தடவை ஊற்றும் புதுத் தண்ணீரிலும் பிராணவாயு கரைந்திருக்கிறது. அது இரும்பைத் தின்று சிவந்த வண்டலாக்கிவிடுகிறது. அடைபட்ட பாதையில் அதே தண்ணீர் நெடுநாள் சுற்றிக்கொண்டிருந்தால், அதிலுள்ள பிராணவாயு தீர்ந்ததும் துருப்பிடிக்கும் வேகமும் குறையும். சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேராகத் தண்ணீரில் நனையும்படி அமைந்த டீசல் என்ஜின்களில் இன்னொரு வியாதியும் உண்டு. லைனர் அதிரும்போது அதன் வெளிப்புறத்தில் மிக நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகி உடனே உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் ஒரு சிறு உளியைப் போல இரும்பைக் கொத்துகிறது. வருஷக்கணக்கில் கொத்தினால் ஊசித் துளை விழுந்து தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிடும். நல்ல கூலண்டில் கலந்திருக்கும் மருந்துகள் லைனரின் மேல் மெல்லிய படலமாக நின்று இதைத் தடுக்கின்றன. வெறும் தண்ணீருக்கு அந்தச் சக்தி இல்லை.

ஆகையால் டிரைவரின் யோசனை வியாதிக்கு மருந்து அன்று, வியாதியே அதுதான். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் கிழங்கு வாடுவதும் வாடகை போவதும் அவருக்குத்தான் நேரில் தெரியும். கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றி வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கிறவர் அவர்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சனிக்கிழமை இரவே வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட வேண்டும். காலையில் என்ஜின் நன்றாக ஆறியிருக்கும். மூடியின் மேல் தடித்த துணியைப் போட்டு, முதல் தடை வரையில் திருகி, சத்தம் ஏதேனும் வந்தால் அது அடங்கிய பின் அழுத்தித் திறக்கவும். திறந்ததும் உள்ளே பாருங்கள். தண்ணீர் செங்காவியாக இருந்தால் துரு. மேலே எண்ணெய் மிதந்தால், அல்லது என்ஜின் எண்ணெய் பார்க்கும் கம்பியில் மோர் போன்ற வெண்குழம்பு ஒட்டியிருந்தால், காஸ்கெட்டோ எண்ணெய் ஆற்றும் பாகமோ போயிருக்கிறது. என்ஜினை ஓட்டும்போது மூடி வாயில் இடைவிடாமல் குமிழி வந்தாலும் காஸ்கெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி. கழுவுவதால் பிரயோஜனமில்லை, அவரிடமே போங்கள். இந்த அடையாளங்கள் இல்லாவிட்டால் வேலையை ஆரம்பிக்கலாம்.

ரேடியேட்டரின் அடியில் ஒரு திருகு குழாய் இருக்கும். அதைத் திறந்து பழைய தண்ணீரைப் பெரிய தொட்டியில் பிடிக்க வேண்டும். இவ்வளவோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். என்ஜினின் பக்கவாட்டிலும் ஒரு திருகு குழாயோ அடைப்பாணியோ உண்டு. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தண்ணீர் அதன் வழியாகத்தான் முழுவதும் இறங்கும். வண்டலும் அங்கேதான் குவிந்திருக்கும். திறந்தும் ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை, துளை அடைத்திருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் முதலில் சேறும் பிறகு தண்ணீரும் வரும்.

இறங்கிய தண்ணீரை லிட்டர் கணக்கில் அளந்து வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்துகிறேன். இதை எந்தப் பட்டறையிலும் செய்து நான் பார்த்ததில்லை. வண்டியின் கைப்புத்தகத்தில் மொத்தக் கொள்ளளவு போட்டிருக்கும். புத்தகம் 20 லிட்டர் என்கிறது, விளிம்பு வரையில் நிறைந்திருந்த வண்டியில் 16 லிட்டர்தான் இறங்கியது என்றால், மிச்சம் 4 லிட்டர் எங்கே? ஒன்று, எங்கோ தங்கியிருக்கிறது. அல்லது அந்த இடத்தைச் சுண்ணாம்பும் சேறும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கழுவி முடித்து நிரப்பும்போது அளவு கூடினால், எவ்வளவு குப்பையை வெளியேற்றினோம் என்பது தராசு இல்லாமலே தெரிந்துவிடும்.

அடுத்தது சுண்ணாம்பைக் கரைப்பது. வெந்நீர்த் தவலையின் வெள்ளைப் படிவத்தில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து பாருங்கள். நுரைத்துப் பொங்கும். கார்பனேட்டு கரைந்து கரியமிலவாயு வெளிவருகிறது. லாரிக்கும் அதே வைத்தியந்தான். எலுமிச்சை உப்பு என்று கடையில் கொடுக்கும் சிட்ரிக் அமிலத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ வீதம் கரைத்து ஊற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதை முன்கூட்டியே சலவைச் சோடாவினால் போக்கிவிட வேண்டும். பிசுக்கின் மேல் அமிலம் பிடிக்காது. என்ஜினை மெதுவாக ஓட்டி, தண்ணீர் 80 டிகிரியை எட்டியபின் சில நிமிஷங்கள் சுற்றவிட்டு நிறுத்தி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் திறந்துவிடவும். பிறகு நல்ல தண்ணீர், பிறகு அமிலத்தின் மிச்சத்தை அடக்க மிகவும் இலேசான சலவைச் சோடாக் கரைசல், மறுபடியும் நல்ல தண்ணீர். வெளிவருவது தெளியும் வரையில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அலுமினியப் பாகங்கள் உள்ள என்ஜினில் சோடாவை நீடிக்க விடலாகாது. சோடா அலுமினியத்தை அரிக்கும்.

சில இடங்களில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். சுண்ணாம்பு கரைவது உண்மைதான். கூடவே இரும்பும், பித்தளைக் குழாய்களை இணைக்கும் ஈயப் பற்றும் கரைகின்றன. வீட்டில் எலி இருக்கிறதென்று வீட்டைக் கொளுத்துகிற கதை அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பது வயது ரேடியேட்டரில் சில ஓட்டைகளைச் சுண்ணாம்பேதான் அடைத்துக்கொண்டிருக்கும். கழுவியவுடன் அவை கண் திறக்கும். "கழுவினதால்தான் ஒழுகுகிறது" என்று வீட்டுக்காரர் கோபிக்கலாம். ஒழுகல் முன்பே இருந்தது, இப்போதுதான் தெரிகிறது என்று சமாதானம் சொல்லுங்கள். செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டரைப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

கரைத்தபின், தண்ணீரை வழக்கத்துக்கு நேர்மாறான திசையில் செலுத்தி அலச வேண்டும். ரேடியேட்டருக்குள் மேலிருந்து கீழே ஓடுவது வழக்கம். குப்பை மேல்வாயில் வந்து மாட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, தோட்டத்துக் குழாயைக் கீழ்வாயில் பொருத்தி மேல்வாய் வழியாகத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். என்ஜினுக்கு மேலிருந்து விட்டுக் கீழே எடுக்கலாம். தோட்டத்துக் குழாயின் வேகமே போதும். காற்று அடிக்கும் யந்திரத்தை முழு வேகத்தில் பிரயோகித்தால் கிழட்டுக் குழாய்கள் பிளந்துவிடும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும் என்பதையும் நினைவில் வைக்கவும். இவ்வளவு செய்தும் ரேடியேட்டர் முகத்தில் சில இடங்கள் மட்டும் சூடேறாமல் இருந்தால், அங்கே குழாய்கள் கல்லாகிவிட்டன என்று பொருள். மேல்தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். அது ரேடியேட்டர் பட்டறையின் வேலை. அதற்கும் மசியாவிட்டால்தான் வீட்டுக்காரர் விரும்புகிற புது ரேடியேட்டர்.

குழாய்களைக் கழற்றியிருக்கும்போதே தெர்மோஸ்டாட் என்ற சிறிய சாதனத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அது ஒரு வாயிற்காவலன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் உள்ளேயே சுற்றவிடும். 80 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகக் கதவைத் திறக்கும். நம் நாட்டில் இதைப் போலப் பழி சுமந்த சாதனம் வேறொன்று இல்லை. வண்டி சூடாகிறது என்றால் முதலில் இதைப் பிடுங்கி வீசிவிடுகிறார்கள். "இந்த வெயில் தேசத்துக்கு இது எதற்கு?" என்பது வாதம்.

வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை வேறு. என்ஜினுக்குக் காய்ச்சல் எவ்வளவு கெடுதலோ ஜன்னியும் அவ்வளவு கெடுதல். சூடேறாத சிலிண்டர்ச் சுவரில் எரிவாயுவிலுள்ள ஈரம் அமிலமாகப் படிந்து இரும்பை அரிக்கிறது. டீசல் முழுவதும் எரியாமல் எண்ணெயில் இறங்குகிறது. குளிர்ந்தபடியே ஓடும் என்ஜின் சீக்கிரம் தேய்வதை 1930-களிலேயே இங்கிலாந்தில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டை நீக்கினால் சூடு குறைவதற்குப் பதில் கூடுகிறது. அந்த வகையில், காவலன் ரேடியேட்டர்க் கதவைத் திறக்கும்போதே உள்சுற்றுப் பாதையின் கதவை மூடுவான். காவலன் இல்லாவிட்டால் உள்சுற்றுப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ஆறப் போகாமல், சுட்டபடியே திரும்பத் திரும்ப உள்ளே சுற்றும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பங்கரையே போதும். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, அதை ஒரு நூலில் தொங்கவிட்டு, உஷ்ணமானியைப் பிடித்துக்கொண்டு சூடேற்றுங்கள். அதன் மேலே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் இந்தச் சோதனையைப் பெரியவர் ஒருவர் உடனிருந்து நடத்திக் காட்டலாம். பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட இது மனத்தில் நிற்கும். ஆனால் அந்தப் பாத்திரம் பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது.

இனி எதைக் கொண்டு நிரப்புவது? கூலண்ட் என்ற பெயரில் பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் கடையில் விற்கும் திரவங்களில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் எத்திலீன் கிளைகால். குளிர் தேசங்களில் தண்ணீர் உறையாமல் இருப்பதற்காக 1920-களிலிருந்து இதை மோட்டாரில் உபயோகிக்கிறார்கள். தண்ணீர் உறைந்தால் பதினொன்றில் ஒரு பங்குபோலப் பெருத்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். சரிபாதி தண்ணீரும் சரிபாதி கிளைகாலும் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி வரையில்கூட உறையாது. திருச்செங்கோட்டில் தண்ணீர் உறையப் போவதில்லை. நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துகளும், சற்றே உயரும் கொதிநிலையுந்தான். செம்பு, பித்தளை, ஈயப்பற்று உள்ள பழைய ரேடியேட்டர்களுக்குப் பழைய முறைப்படி செய்த கூலண்டே பொருந்தும். நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இரண்டு ஜாதிகளைக் கலந்தால் சில சமயம் கூழாகிவிடும்.

இதைப் பற்றிக் குடும்பத்தார் அனைவருக்கும் ஓர் எச்சரிக்கை. எத்திலீன் கிளைகால் இனிக்கும். பார்ப்பதற்குச் சர்பத்தைப் போல இருக்கும். ஆனால் அது கடும் விஷம். உடம்புக்குள் போனதும் ஆக்ஸாலிக் அமிலமாகவும் வேறு அமிலங்களாகவும் மாறுகிறது. ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக அடைத்துக்கொள்கிறது. இதன் நெருங்கிய உறவான டை எத்திலீன் கிளைகாலில் ஒரு மருந்தைக் கரைத்து விற்றதால் 1937-இல் அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். 2022-இல் காம்பியா நாட்டில் குழந்தைகள் இறந்தபோது, இருமல் மருந்துகளில் இவ்விரண்டு விஷங்களும் இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. பழைய சர்பத் புட்டியிலோ குடிதண்ணீர்ப் பாட்டிலிலோ கூலண்டை ஊற்றி வைக்கிற வழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால் இன்றே ஒழிய வேண்டும். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலும், முகம் தெளிவாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் புட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நேரத்தில் போனால் மாற்று மருந்து உண்டு. வண்டியிலிருந்து வடித்த பழைய கூலண்டையும் சாக்கடையிலோ வாசலிலோ ஊற்றலாகாது. நாயும் கன்றுக்குட்டியும் அந்த இனிப்பைத் தேடிவரும். மூடியுள்ள டப்பாவில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கிற பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

கூலண்டோடு கலப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரை மறுபடியும் எடுத்தால், இவ்வளவு பாடும் வீண். பாட்டரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் சிலாக்கியமானது. மொட்டை மாடியில் முதல் மழை போனபின் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரும் ஆகும். அதில் சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை.

நிரப்புவதற்கு முன், ரப்பர்க் குழாய்களை அமுக்கிப் பார்த்து, ஊறியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கீழ்க்குழாய் பம்பு உறிஞ்சும் பக்கம். அதற்குள் ஒரு கம்பிச் சுருள் இருந்தால் அதைத் தூக்கியெறியாதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் குழாய் சப்பையாகாமல் காப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். மூடியின் ரப்பர் வளையமும் பம்பின் பெல்ட்டும் பார்க்க வேண்டியவை. பிறகு எல்லாத் திருகுகளையும் மூடி, மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காற்று சிக்கிய இடத்தில் தண்ணீர் தொடாது, இரும்பு தனியே வேகும். காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் தண்ணீர் வரும் வரையில் திறந்து வையுங்கள். வண்டியின் முன்புறம் சற்று உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது. மூடி இல்லாமலே என்ஜினை மெதுவாக ஓட்டினால், தெர்மோஸ்டாட் திறக்கும் சமயத்தில் மட்டம் திடீரென்று இறங்கும். அதையும் நிரப்பி, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்தி, மூடியைப் போடுங்கள். உள்ளே போன அளவைக் காலையில் எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க மறக்க வேண்டாம்.

திங்கட்கிழமை பாரமில்லாமல் ஒரு நடை போய் வரட்டும். மறுநாள் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள். சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் முதல் நாள் கொஞ்சம் குறைவது சகஜம். கலந்துவைத்த கூலண்டையே விட்டு நிரப்புங்கள், கிணற்றுப் பக்கம் போகாதீர்கள். மூன்றாம் நாளும் குறைந்தால் ஒழுகல் இருக்கிறது. பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் சொட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சொட்டினால் பம்பின் அடைப்பு தேய்ந்துவிட்டது. அங்கேயும் ஈரமில்லை, வெளியே எங்குமே ஈரமில்லை, ஆனாலும் மட்டம் குறைகிறது என்றால் சகோதரி எனக்கு மறுபடியும் எழுதட்டும். இறக்கிய அளவையும் ஏற்றிய அளவையும் கடிதத்தில் குறிப்பிட்டால் சௌகரியமாக இருக்கும்.